ஒரு துளியில் எவ்வளவு கண்ணுக்குள் போகுது?

கண்ணுக்கு விடுகிற மருந்துத் துளி ஒன்றின் அளவு 30 முதல் 50 மைக்ரோலீற்றர். கண்ணில் வழக்கமாக இருக்கிற கண்ணீர் ஏறக்குறைய 7 மைக்ரோலீற்றர்தான். கீழ் இமையை இழுத்துப் பிடித்தாலும் கண் தாங்குவது 30 அளவில். அதாவது போத்தலில் இருந்து விழுகிற ஒரே ஒரு துளியே கண்ணுக்குக் கூடிப்போச்சு. மிச்சம் கன்னத்தால் வழியும். வழியாதது ஒவ்வொரு இமைப்போடும் மூக்குப் பக்கம் உள்ள சின்னத் துவாரத்தால் இறங்கி, மூக்குக்குப் போய், தொண்டைக்குப் போகும். துளி விட்டுக் கொஞ்ச நேரத்தில் தொண்டையில் ஒரு கைப்பு வருகுதே, அது இதுதான். எல்லாம் கழிய, கண்ணின் உட்பகுதிக்குப் போய்ச் சேருவது மருந்தில் 5 சதவீதத்துக்கும் குறைவு.

நான் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். அனுப்புகிற பாக்கெற்றுகளில் நூற்றுக்கு 95 வழியில் தொலையுது என்றால் அந்த நெற்வேர்க்கை ஒரு நாள்கூட ஓடவிட மாட்டோம். கண் மருந்தில் மட்டும் எல்லோரும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு, தொலைகிறதைச் சரிக்கட்ட ஒரு நாளைக்கு நாலு தரம் விடச் சொல்லுகிறார்கள்.

எங்கட வீட்டில் இந்தக் கணக்கு காலமை ஆறரைக்கே தொடங்கிவிடும். அம்மாவுக்குக் குளுக்கோமா. மூன்று போத்தல். ஒன்று இரண்டு நேரம், ஒன்று மூன்று நேரம், ஒன்று இரவு மட்டும். அவவுக்குக் கை நடுக்கம். போத்தலின் நுனி கண்ணுக்குக் கிட்ட வந்தாலே கண்ணை இறுக்கி மூடிப்போடுவா. மகனுக்கு ஏழு வயது. வசந்த காலத்தில் கண் கடி வந்து கசக்கிக் கசக்கிச் சிவந்துபோகும், அவனுக்கும் ஒரு போத்தல். பள்ளிக்கூட பஸ் வருவதற்குள் இரண்டு பேருக்கும் விட்டு முடிக்க வேண்டும். இதை வாசிக்கிற பலருடைய வீட்டிலும், ஸ்காபரோவோ மார்க்கமோ பிரம்ரனோ, இதே மாதிரி ஒரு நேர அட்டவணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அதனால்தான் "ஒரு கிழமைக்கு ஒரு துளி போதும்" என்று ஒரு ஆராய்ச்சி பற்றிக் கேள்விப்பட்டபோது நின்று வாசித்தேன். அது எங்கேயோ தூர நாட்டில் நடந்ததும் இல்லை. நாங்கள் இருக்கிற இடத்தில் இருந்து நெடுஞ்சாலை 401 இல் மேற்கே ஒன்றரை மணித்தியாலம், வோட்டர்லூ பல்கலைக்கழகம்.

அதுக்கு வர முதல், கண் ஏன் இப்படி மருந்தை விரட்டுது என்று கொஞ்சம் பார்க்க வேணும்.

கண்ணின் வேலையே வெளியில் இருந்து வருகிறதை உள்ளே விடாமல் வைத்திருப்பது. தூசி, கிருமி, மிளகாய்த் தூள், எல்லாத்தையும் கழுவித் தள்ளுகிற அதே கண்ணீர்தான் மருந்தையும் கழுவுது. மருந்து என்று அதுக்குத் தெரியாது. கழுவலுக்குத் தப்பினாலும் அடுத்த தடை, கருவிழிக்கு முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கிற படலம், கோர்னியா. அதன் மேல் தோல் எண்ணெய்த் தன்மை உள்ளதை மட்டும்தான் இலேசில் விடும். அதற்குக் கீழே இருக்கிற தடித்த பகுதி தண்ணீர்த் தன்மை. எண்ணெயில் கரைகிற மருந்து முதல் வாசலைத் தாண்டி இரண்டாவதில் மாட்டும், தண்ணீரில் கரைகிறது முதல் வாசலிலேயே நிற்கும். இரண்டு பூட்டு, இரண்டுக்கும் வேறு வேறு திறப்பு.

இந்தப் படலத்துக்கு மேலே இன்னொன்று இருக்கு. சளி. கண்ணில் சளியா என்று முகம் சுளிக்க வேண்டாம். மியூசின் என்கிற, சர்க்கரைச் சங்கிலிகள் நிறைந்த ஒரு புரதத்தால் ஆன மெல்லிய வலை அது. கண்ணீர் கண்ணோடு ஒட்டி நிற்பதே இதனால்தான். எங்கட கதைக்கு இந்த வலைதான் முக்கியம். மருந்தை ஒரு சின்னக் காவியில், அதாவது கண்ணால் பார்க்க முடியாத ஒரு நானோத் துகளில் ஏற்றி அனுப்புகிறவர்கள் எல்லோரும் கடைசியில் இந்த வலையோடு என்ன செய்வது என்ற கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். அதுக்கான பதில் துகளின் உள்ளே இல்லை. அதன் மேற்பூச்சில் இருக்கு.

வோட்டர்லூவில் பேராசிரியர் ஃபிராங் கூவும், அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்த ஷெங்யான் லியுவும், அங்கே கண் ஆராய்ச்சி மையத்தை நடத்துகிற லின்டன் ஜோன்ஸும் சேர்ந்து செய்தது ஒட்டுகிற பூச்சு. துகளின் உடல் பொலிலக்ரிக் அமிலம், சத்திரசிகிச்சையில் தானாகக் கரைகிற நூல்கள் செய்கிற அதே குடும்பத்துப் பொருள். அதைச் சுற்றி டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலி. அந்தச் சங்கிலியில் பீனைல்போரோனிக் அமிலம் என்ற மூலக்கூறைக் கொழுவி விட்டார்கள். இந்த மூலக்கூறுக்கு ஒரு பழக்கம். மியூசினில் நிறைய இருக்கிற சியாலிக் அமிலத்தைக் கண்டால் போய்ப் பிடித்துக்கொள்ளும். ரூஜ் பார்க் பக்கம் பிள்ளையளோடு நடந்துவிட்டு வந்தால் காலுறை முழுக்க ஒட்டிக்கொண்டு வருகிற விதைகளை நினைத்துப் பாருங்கள். ஊரில் என்றால் நாயுருவி. துகள் முழுவதின் அளவு 30 நானோமீற்றருக்கும் கொஞ்சம் குறைவு, ஒரு தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது.

அதுக்குள்ளே ஏற்றியது சைக்ளோஸ்போரின், உலர் கண் நோய்க்கு ஏற்கனவே பாவனையில் உள்ள மருந்துதான். ரெஸ்ராசிஸ் என்ற பெயரில் 2002 இன் கடைசியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செயற்கையாக உலர் கண் உண்டாக்கிய எலிகளில் இரண்டையும் ஒப்பிட்டார்கள். ஒரு பக்கம் ரெஸ்ராசிஸ், ஒரு நாளைக்கு மூன்று தரம், கிழமைக்கு 21 துளி. மற்றப் பக்கம் ஒட்டுகிற துகள், கிழமைக்கு ஒன்று, அதுவும் மருந்தின் செறிவு ரெஸ்ராசிஸில் இருப்பதில் ஐந்தில் ஒன்றோ பத்தில் ஒன்றோதான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அழற்சி இரண்டிலும் குறைந்திருந்தது. ஆனால் சளியைச் சுரக்கிற கலங்கள் திரும்ப வந்து கண்ணின் மேற்பரப்பு முழுதாகச் சுகப்பட்டது துகள் விட்ட எலிகளில்தான். 2014 இல் இது வெளியானபோது, ஐந்து வருடத்துக்குள் மருந்துக்கடைக்கு வரலாம் என்று நம்பிக்கையாகச் சொன்னார்கள்.

நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். அந்த ஐந்து வருடம் எப்பவோ முடிஞ்சுது, ஷொப்பர்ஸிலோ கொஸ்கோ பார்மசியிலோ அப்படி ஒரு போத்தல் இல்லை. ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன். கூ பிறகு ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டார், டவுன்டவுனில் கொலேஜ் ஸ்ட்ரீட் பக்கம்தான் அந்த இரசாயனப் பொறியியல் துறை. ஹமில்ரனில், மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் ஹெதர் ஷியர்டவுனின் குழுவும் சளியில் ஒட்டுகிற காவிகளில்தான் வேலை செய்கிறது, அதில் இருந்து ஒரு கம்பனியும் பிறந்திருக்கு. எங்களைச் சுற்றியுள்ள நூறு கிலோமீற்றருக்குள் இந்த ஒரு விஷயத்தில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பது எனக்குப் புதினமாக இருந்தது.

இனிச் சுவாரசியமான இடம். அமெரிக்காவில் பால்டிமோரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் ஹேன்ஸ் என்பவர் இதுக்கு நேர் எதிராக யோசித்தார். ஒட்டுவது பிழை என்றார்.

அவருடைய வாதம் இது. சளி ஒரு இடத்தில் நிற்கிற பொருள் இல்லை. இமைக்க இமைக்க அதன் மேல் அடுக்கு கழுவுப்பட்டுப் போய்க்கொண்டே இருக்கும், புதுசு சுரக்கும். மேல் அடுக்கில் ஒட்டிய துகள் அந்த அடுக்கோடு சேர்ந்து வெளியே போகும். அதனால் ஒட்டாமல், வலையின் ஓட்டைகளுக்குள்ளால் வழுக்கிக் கீழே, கண்ணோடு ஒட்டி மெதுவாக நகர்கிற அடுக்குக்குப் போய்விட வேணும். சில வைரஸ்கள் சளிக்குள் அப்படித்தான் நுழைகின்றன, எங்கேயும் மாட்டாமல். 2007 இல் ஹேன்ஸின் குழு, பொலிஎத்திலீன் கிளைக்கோல் என்ற பொருளை நெருக்கமாகப் பூசிய துகள்கள் மனிதச் சளிக்குள்ளால் வேகமாக ஊடுருவுவதைக் காட்டியது. பூசாத அதே துகள் அங்கேயே சிக்கி நின்றது.

பலாப்பழம் வெட்ட முதல் அம்மம்மா கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் பூசுவா. பால் ஒட்டாது. அவ்வளவுதான் சங்கதி.

இந்த வழுக்குகிற பூச்சுத்தான் முதலில் கடைக்கு வந்தது. ஹேன்ஸ் கூட்டாகத் தொடங்கிய காலா என்ற கம்பனி, லோட்டெப்ரெட்னோல் என்ற பழைய ஸ்டீரொயிட் மருந்தை நானோ அளவுக்கு அரைத்து, மேலே வழுக்குகிற பொலிமரைப் பூசியது. இன்வெல்ரிஸ் என்று பெயர். 2018 ஓகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்தது, கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வருகிற வீக்கத்துக்கும் நோவுக்கும். இதே மருந்தின் பழைய வடிவம் ஒரு நாளைக்கு நாலு தரம், இது இரண்டு தரம். 2020 ஒக்ரோபரில் ஐசூவிஸ் என்று குறைந்த செறிவில் இன்னொன்று, உலர் கண்ணுக்குக் கொஞ்ச நாள் பாவிக்க. 2022 இல் இரண்டையும் அல்கொன் என்ற பெரிய கண் கம்பனி வாங்கிவிட்டது.

நாலு இரண்டானது பெரிய புரட்சியா என்று நீங்கள் கேட்கலாம். கிழமைக்கு ஒன்றோடு பார்த்தால் சின்னன்தான். ஆனால் கற்றராக் வெட்டிய தாயையோ தகப்பனையோ பார்த்தவர்களுக்குத் தெரியும், மத்தியான நேரத்துத் துளிதான் தவறும். நாங்கள் வேலையில், பிள்ளையள் பள்ளிக்கூடத்தில், அவ தனிய. காலமையும் இரவும் மட்டும் என்றால் வேறு ஒருவர் வீட்டில் இருப்பார். எனக்கு அந்தப் பாதி பெரிய விஷயம்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கு, மின்னேற்றம். மியூசினில் உள்ள சியாலிக் அமிலத்தால் கண்ணின் மேற்பரப்பு எதிர் மின்னேற்றம் கொண்டது. அப்போ துளியில் உள்ள எண்ணெய்க் குமிழிகளுக்கு நேர் மின்னேற்றப் பூச்சுக் கொடுத்தால் தானாக இழுபடும். பிள்ளையளின் பெற்றோர் கவனிக்க வேண்டியது இது. வெர்னல் என்று சொல்லுகிற கடுமையான கண் ஒவ்வாமை ஒன்று இருக்கு. வெப்பமான, வரண்ட நாடுகளில் கூட, பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளில் கூட. தாங்க முடியாத கடி, நூல் மாதிரி இழுபடுகிற பீளை, வெளிச்சத்தைப் பார்க்க ஏலாது. இதுக்கு நீண்ட காலம் ஸ்டீரொயிட் விட்டால் கண் அழுத்தம் கூடலாம், சின்ன வயதிலேயே கற்றராக்கும் வரலாம். நேர் மின்னேற்றக் குமிழிகளில் சைக்ளோஸ்போரினை ஏற்றிய வெர்காசியா என்ற துளி, நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கடுமையான வெர்னலுக்கு ஐரோப்பாவில் 2018 இல் அனுமதிக்கப்பட்டது, அமெரிக்காவில் 2021 இல். கனடாவிலும் அனுமதி உண்டு. என்ர மகனுக்கு இருப்பது சாதாரண பருவகால ஒவ்வாமை, அதுக்கு இது தேவையில்லை. ஆனால் வருடா வருடம் மோசமாகிக்கொண்டு போகிற கடி என்றால் "அலர்ஜிதானே" என்று கடைத் துளியோடு நிற்காமல் கண் வைத்தியரைக் கேளுங்கள்.

ஒரு சின்ன விஷயம். 2018 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செக்குவா, இந்தியக் கம்பனியான சன் ஃபார்மாவுடையது, சைக்ளோஸ்போரினை நானோக் குமிழிகளில் அடைத்தது. அந்தக் குமிழியின் சுவர் செய்கிற பொருட்களில் ஒன்று ஆமணக்கெண்ணெயில் இருந்து மாற்றி எடுத்தது. ரெஸ்ராசிஸிலும் ஆமணக்கெண்ணெய் இருக்கு. கண் சூட்டுக்கு விளக்கெண்ணெய் விடச் சொன்ன பழைய ஆட்கள் இதைக் கேட்டால் "நாங்கள் அப்பவே சொன்னனாங்கள்" என்று தொடங்கிவிடுவினம். அவையளுக்குச் சொல்ல வேண்டியது, இது கிருமி நீக்கி, அளந்து, நானோ அளவுக்கு உடைத்த எண்ணெய். சமையலறைப் போத்தலில் இருக்கிறதைப் பிள்ளையின் கண்ணில் விடக்கூடாது. தாய்ப்பாலும்தான்.

கண்ணின் பின்பக்கம் வேறு உலகம். நீரிழிவால் பழுதாகிறது விழித்திரை, அது கண்ணின் கடைசிச் சுவரில் இருக்கு. முன்னால் விடுகிற துளி அங்கே போய்ச் சேருவது அரிது. அதனால்தான் எங்கட பெற்றோரில் பலர் ஒரு மாதத்துக்கு, இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் கண்ணுக்குள்ளேயே ஊசி போடப் போகிறார்கள். தெற்காசியர்களுக்கு நீரிழிவு கூட என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஊசி நாளில் ஒருவர் வேலைக்கு லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போக வேணும், அவ பயத்தில் முதல் நாள் இரவு நித்திரை கொள்ளமாட்டா. இந்த ஊசிகளின் இடைவெளியை நீட்டுவதுதான் இன்று பின்பக்க ஆராய்ச்சியின் பெரிய இலக்கு. இங்கேயும் மேற்பூச்சுத்தான் தீர்மானிக்கிறது. கண்ணுக்குள் நிறைந்திருக்கிற ஜெல்லியும் ஒரு வலை. முன்பக்கத்தில் உதவிய நேர் மின்னேற்றம் இங்கே உபத்திரவம், துகள் போட்ட இடத்திலேயே ஒட்டிவிடும். வழுக்குகிற பூச்சு இருந்தால் பரவும்.

கனடாவுக்கு இதில் ஒரு பழைய பெருமை இருக்கு. வன்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஜூலியா லெவியும் நண்பர்களும் 1981 இல் தொடங்கிய கியூஎல்ரி என்ற கம்பனியின் விசுடைன் 2000 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வயதோடு விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகிற நோய்க்கு. மருந்தை நுண்ணிய கொழுப்புத் துகள்களில் ஏற்றி, கையில் உள்ள நாளத்தால் கொடுத்து, கண்ணில் லேசர் ஒளி பட்டதும் அந்த இடத்தில் மட்டும் வேலை செய்ய வைப்பார்கள். லெவியின் தாயாருக்கும் அந்தக் கண் நோய்தான் இருந்தது. பிறகு வந்த கண் ஊசிகள் விசுடைனை ஓரத்துக்குத் தள்ளிவிட்டாலும், நானோக் காவியில் கண்ணுக்கு மருந்து என்பது நேற்று முளைத்த கதை இல்லை.

சரி, கிழமைக்கு ஒரு துளி எங்கே?

எலிக்கண் மனிதக் கண் இல்லை என்பது முதல் காரணம். எலி எங்களைவிட மிகக் குறைவாகத்தான் இமைக்கும், துளி அதன் கண்ணில் கூட நேரம் நிற்கும். அதைவிட, ஆய்வுகூடத்தில் ஒரு சின்னக் குப்பியில் செய்தது வேறு, தொழிற்சாலையில் ஒவ்வொரு தொகுதியும் ஒரே அளவு, ஒரே பூச்சு என்று வருவது வேறு. மென்பொருளில் சொல்லுவோம், என் லாப்டொப்பில் ஓடுது என்று. கண் துளி கிருமியற்றதாக இருக்க வேணும். சூடாக்கிக் கிருமி நீக்கினால் இந்தத் துகள்கள் சிதையலாம். மாதக்கணக்கில் போத்தலில் தண்ணீருக்குள் கிடந்தால் தானாகக் கரைகிற பொருள் தானாகவே கரையத் தொடங்கும், கரைவது தானே அதன் குணம். பிறகு, ஒட்டுகிற ஒன்று கிழமைக்கணக்கில் கண்ணில் இருந்தால் உறுத்துமா, வருடக்கணக்கில் பாவித்தால் என்ன என்று மனிதரில் பார்க்க வேணும். அதுக்குக் கோடிக்கணக்கில் காசு வேணும். காலாவின் கதை முந்தியதுக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என்ர அபிப்பிராயம். தெரிந்த பழைய மருந்து, எளிமையான பூச்சு, சின்ன வாக்குறுதி.

குளுக்கோமாவில் வேறு பாதையால் கொஞ்சம் முன்னேறியிருக்கிறார்கள். டுரிஸ்ரா என்ற, கண்ணுக்குள் வைத்து மாதக்கணக்கில் மருந்தை விட்டுக் கரைகிற சின்னக் குச்சிக்கு 2020 இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நானோ இல்லை, ஆனால் அதே குடும்பத்துப் பொலிமர்.

அதுவரைக்கும் எங்களிடம் இருப்பது பழைய போத்தலும் 5 சதவீதமும்தான். இந்த 5 ஐக் கூட்ட விஞ்ஞானி தேவையில்லாத வழிகள் உண்டு. துளி விட்டதும் கண்ணைச் சிமிட்டாமல் மெதுவாக மூடி, மூக்குப் பக்கத்து மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேணும். மூக்குக்குப் போகிற வாய்க்கால் அடைபடும். ஒரு துளி போதும், "ஒன்றுக்கு இரண்டாக" விடுவதால் கன்னம்தான் நனையும். இரண்டு வேறு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடம், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். கண்ணை இறுக்கி மூடுகிற பிள்ளையைப் படுக்கவைத்து, மூடிய கண்ணின் உள்மூலையில் துளியை விட்டுப் பிறகு திறக்கச் சொல்லுங்கள், தானாக உள்ளே போகும். எங்கட அம்மாவுக்கும் இதுதான் சரிவந்தது.

மூலையை அழுத்துவது வீண்போகாமல் இருக்க மட்டும் இல்லை. மூக்குக்குப் போன மருந்து அங்கிருந்து நேரே இரத்தத்தில் கலக்கும், குளிசை மாதிரி ஈரலால் வடிபட்டுப் போவதில்லை. குளுக்கோமாவுக்குப் பரவலாகக் கொடுக்கிற ரிமொலோல், இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்துகளின் இனம். தொய்வு இருக்கிறவர்களுக்கு அது மூச்சை இறுக்கலாம், அவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. எங்கட ஆட்களிடம் "என்ன மருந்து எடுக்கிறீங்கள்" என்று கேட்டால் குளிசைகளை மட்டும் சொல்லுவினம். கண்ணுக்கு விடுகிறதை ஒரு மருந்தாகவே நினைக்கிறதில்லை. குடும்ப வைத்தியரிடம் போகும்போது போத்தல்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். மொழிபெயர்க்கப் போகிறது நீங்கள் என்றால் அதை நீங்கள்தான் சொல்ல வேணும்.

இன்னொன்று. குளுக்கோமா பெற்றோருக்கோ சகோதரத்துக்கோ இருந்தால் எங்களுக்கு வருகிற வாய்ப்பும் கூட. தொடக்கத்தில் நோகாது, மங்காது, தெரியாது. 19 வயது வரைக்கும் பிள்ளைகளுக்கும், எந்த வயதிலும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வருடத்துக்கு ஒரு கண் பரிசோதனையை ஓஹிப் கட்டும். 20 க்கும் 64 க்கும் இடையில், வேறு நோய் இல்லாத எங்களுக்குக் கட்டாது. வேலையிடக் காப்புறுதியில் கண் பரிசோதனைக்கு என்று ஒரு தொகை இருக்கும், பலர் அதைக் கண்ணாடி வாங்க மட்டும் பாவிப்பினம். பரிசோதனைக்குப் போனால் கண் அழுத்தத்தோடு சேர்த்துக் கண் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள், அம்மாவுக்கு இருக்கு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.